அம்மிணி உட்கார்ந்த தட்டு

மதினிக்கு,

இந்தக் கதையை ஒருவர்கூட நம்பப்போவதில்லை என்று மலைக்கோட்டைப் பாறையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "ஏனுங்க கொழுந்தனாரே, முட்டி வலின்னு மாடிப்படியே ஏற மாட்டீங்க, பாறை மேல எப்பப் போய்க் கை வெச்சீங்க" என்று கேட்டிருப்பீர்கள். மனசால் வைத்தேன். அது போதும்.

நேற்று வீட்டில் பரணைச் சுத்தம் செய்தார்கள். பழைய பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் உங்கள் மிட்டாய் பாட்டில் இருந்தது. கனத்த கண்ணாடி, அகலமான வாய், மூடி மட்டும் இல்லை. உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாழைக்கறையும் மூட்டம் போட்ட புகையும் கலந்த அந்த வாசம் அடித்தது. என் மருமகள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன மாமா போட்டு வச்சிருந்தாங்க?"

"எட்டுக்கால் பூச்சி. எங்க மதினி வளர்த்தாங்க. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்."

"ஆரம்பிச்சுட்டீங்களா," என்றாள். "சோப்புப் போட்டுக் கழுவுனா வடகம் போட்டு வைக்க ஆகும்."

எண்பது தாண்டிய ஒரு மனிதன் அவ்வளவு வேகமாக ஒரு பொருளைப் பிடுங்கியதைத் திண்டுக்கல் சீமை இதுவரை கண்டதில்லை. இந்தப் பாட்டிலில் வடகம் ஏறாது, ஊறுகாய் ஏறாது, நான் இருக்கும்வரை தண்ணீர்கூட ஏறாது என்று அறிவித்துவிட்டு, அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் என்னை நம்ப ஆளில்லை. நம்பவேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான், எல்லாம் தெரிந்தவர் என்பதால்.

நீங்கள் பாலசமுத்திரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எங்கள் வாழைக்காய் மண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தது. முன்னால் மண்டி, நடுவில் காயைப் புகை போட்டுப் பழுக்கவைக்க மூட்டம் போடும் அறை, அதற்குப் பின்னால் வீடு. சிறுமலையிலிருந்து குதிரைகள் முதுகில் தார்கள் வந்து இறங்கும். அண்ணன் ஒவ்வொரு தாரையும் ஒரு நீளக் குச்சியால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் கிட்டே போவார். சின்ன வயதில் ஒரு தாரிலிருந்து ஏதோ ஒன்று அவர் கழுத்தில் ஏறி முதுகில் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து கரப்பான் பறந்தால் அண்ணன் தெருவில் நிற்பார். வாழைக்காய் வியாபாரத்தில் பூச்சிக்குப் பயந்தவன் என்றால் கடல் வியாபாரத்தில் தண்ணிக்குப் பயந்தவன் மாதிரிதான். ஆனாலும் குச்சியோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

உங்கள் பேச்சு எங்கள் வீட்டில் முதலில் வேடிக்கையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' சேர்ப்பீர்கள். "இவ பூனையக்கூட போங்க போங்கன்னுதான் வெரட்டுறா, அது எப்படிப் போகும்" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை, மலைவாழைத் தார் ஒன்றை இறக்கியபோது, சீப்புக்கும் சீப்புக்கும் நடுவிலிருந்து அவள் வெளியே வந்தாள். என் கணக்கில் வெண்கலத் தாம்பாளம் அகலம். அவள் நிழல் விழுந்த இடத்தில் நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கலாம். உங்கள் கணக்கில் விரல்களோடு சேர்த்து ஒரு கை அகலம். இந்த விஷயத்தில் நமக்குள் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை. தார் இறக்கியவர்கள் தாரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணன் பெரிய தராசுத் தட்டில் ஏறி நின்றார். சத்தம் கேட்டு நீங்கள் வந்தீர்கள், கையில் முறத்தோடு. பக்கத்துப் பெட்டிக்கடையில் காலியாகக் கிடந்த பாட்டிலை எடுத்துவரச் சொன்னீர்கள். ஓடிப்போய் எடுத்து வந்தது நான். அதை என் வாழ்க்கை வரலாற்றில் முதல் வரியாகப் போடவேண்டும்.

"பொம்பளைப் புள்ளைங்க இது," என்றீர்கள்.

"எப்படித் தெரியும் மதினி?"

"இத்தனை ஆம்பளைங்க கூச்சல் போடறீங்க, அசையாம உக்காந்து பாத்துட்டு இருக்குதே."

அவள் முன்னங்கால் இரண்டையும் உயரத் தூக்கி எங்களை மிரட்டினாள். கால்களின் அடியில் பளிச்சென்று மஞ்சள். "மஞ்சப் பூசிக் குளிச்சிருக்கா பாருங்க," என்று சொல்லி முறத்தால் மெல்லத் தள்ளிப் பாட்டிலில் விட்டு, வாயில் துணியைக் கட்டினீர்கள். அந்த நிமிஷமே அவளுக்கு அம்மிணி என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

உள்ளே ஒரு மூங்கில் குழாய், ஒரு துண்டு வாழைப்பட்டை, சிரட்டைச் சில்லில் தண்ணீர். மூட்டம் போடும் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த மாடத்தில் அம்மிணியின் அரண்மனை. தினமும் கரப்பான். விசேஷ நாளில் விட்டில். அவள் வந்த மறுவாரம் மண்டியில் கரப்பான் இனமே அற்றுப்போனது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். மண்டியில் திருடித் தின்ற பூனை சந்நியாசம் வாங்கிக்கொண்டு பழனிக்குப் போய்விட்டது என்றேன். எலிகள் குடும்பத்தோடு செம்பட்டி பஸ் ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்றேன். நீங்கள் ஒன்றையும் மறுக்கவில்லை. "கொழுந்தனார் சொன்னாருன்னா அதுல ஒரு கால்வாசி இருக்குமுங்க," என்று மட்டும் சொன்னீர்கள்.

இனி எழுதப்போவதை எழுதும்போது எனக்கு இன்றும் பேனா கனக்கிறது.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. உங்களுக்குக் குழந்தை இல்லை. அம்மா கெட்டவர் அல்ல, பயந்தவர். பயந்தவர்களின் காதில் பேச என்றே ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது செம்பட்டி அத்தை. அவருடைய வீட்டுக்காரர் வழியில் ஆத்தூரில் ஒரு பெண் இருந்தது. அண்ணனுக்கு அதை இரண்டாவதாகக் கட்டி வைத்துவிட்டு, உங்களைப் பாலசமுத்திரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்பது அத்தையின் திட்டம். ஒருவனுக்கு ஒருத்திதான் என்று அதற்குள் சட்டம் வந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் எங்கோ கிளம்பி, பஸ் மாறத் தெரியாமல் வழியிலேயே நின்றுவிட்டது. செம்பட்டிக்கு வந்து சேரவில்லை.

முதல் தடவை அத்தை ஆத்தூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவர்கள் மாடத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டார்கள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அத்தைக்கு ஆங்காரம் தாங்கவில்லை.

"மலட்டு வீட்ல மலட்டுப் பூச்சி. இத வச்சிக்கிட்டு இருந்தா தொட்டில் எப்படிலே ஆடும்? முதல்ல இது போகட்டும். அப்புறம் மத்ததப் பேசுவோம்."

அந்த 'மத்தது' நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா உங்களிடம் கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தார். நீங்கள் கரப்பான் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். அண்ணன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குச்சியால் தார்களைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுகிற சத்தம்தான் உங்களுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு தடவை கேட்டேன்.

"மதினி, ஒரு பூச்சிக்காக ஏன் இம்புட்டு மல்லுக்கு நிக்கிறீக?"

"இன்னிக்கு அவளைத் தூக்கி வெளியில போட்டா, நாளைக்கு யாருங்க?"

மறுநாளிலிருந்து கரப்பான் பிடிக்க நானும் சேர்ந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் அம்மிணி மல்லாக்கக் கிடந்தாள். எட்டுக் கால்களும் மேலே. அம்மாதான் முதலில் பார்த்தார். "ஏலே, செத்துப் போச்சுடா," என்று அவர் கூப்பிட்ட குரலில் துக்கம் தேடினாலும் கிடைக்காது. நீங்கள் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தீர்கள். பாட்டில் மேல் முந்தானையைப் போட்டு மூடினீர்கள். அம்மா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாக, "சாகலீங்க, சேலை மாத்தறா. திரும்பிக்குங்க," என்றீர்கள். மீசை வைத்த ஆண்பிள்ளை நான், மண்டியில் மூட்டை தூக்குகிறவன், ஒரு எட்டுக்கால் பூச்சி உடை மாற்றுவதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

மத்தியானத்துக்குமேல் பார்த்தால் உள்ளே இரண்டு அம்மிணிகள். ஒருத்தி வெளிறிப்போய், முன்னைவிடப் பெரியவளாக, களைத்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி அவள் கழற்றிப் போட்ட வெறும் தோல். ஆனால் கால், மயிர், கொடுக்கு எல்லாம் அச்சு அசல். அம்மிணியைக் குழாயோடு இருட்டறைக்கு மாற்றிவிட்டு, தோலை ஒரு இலைத் துண்டில் வைத்து ஜன்னலில் காயவிட்டீர்கள். அம்மா அதைப் பார்த்தார். விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அவர் தீர்மானம் உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு உசுரு போயிருக்கிறது, சும்மா தூக்கி எறியக்கூடாது என்று அம்மாவுக்குப் பயம். கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னார். வெட்டினேன். தோலை இலையோடு வைத்து, மஞ்சள் தூவி, தன் கையாலேயே பால் ஊற்றினார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ஒப்பாரி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு மண்ணத் தள்ளுலே," என்றார். நீங்கள் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது வெறும் தோல்தான் என்று ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டதற்கு, "உங்கம்மா என்னைக் கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க," என்றீர்கள். இப்படி ஒரு நேர்மையை நான் அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

அம்மா அன்றைக்கே செம்பட்டிக்கு ஆள் அனுப்பினார். தடை நீங்கியது, வாருங்கள்.

வந்தார்கள். அத்தை, ஆத்தூர்ப் பெண்ணின் அப்பா, இன்னும் சில உறவுகள். என் வழக்கமான சொற்பொழிவில் இருபது மாட்டுவண்டி, மேளதாளம், ஒரு யானை என்று வரும். யானையை உங்களுக்காக இந்த மடலில் விட்டுவிடுகிறேன். முன்கட்டில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் இரண்டு தட்டுகள் வைத்தார்கள். அவர்கள் தட்டு ஒன்று, எங்கள் தட்டு ஒன்று. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், தேங்காய். தட்டு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யார் அழுதாலும் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஜமுக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். கையில் பாட்டில். யாரும் கேட்பதற்குள் எங்கள் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, பாட்டிலைச் சாய்த்தீர்கள்.

அம்மிணி வந்தாள். புதுச் சேலையில் வந்தாள் மதினி. வெற்றிலை மேல் ஒவ்வொரு காலாக வைத்து நடந்து, தேங்காயில் இரண்டு காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கூரையிலிருந்து ஓடுகள் உதிர்ந்தன, ஊர்க் கிணறுகள் வற்றின, மலைக்கோட்டைப் பாறை மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. ஆத்தூர்க்காரர் இரண்டு காலையும் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டார்.

"நான் புதைச்சேனே," என்றார் அம்மா. "எங் கையால பால் ஊத்துனேனே." தூணைப் பிடித்தபடி உட்கார்ந்து, அம்மிணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தட்டை மாத்தறவங்க மாத்திக்கலாமுங்க," என்றீர்கள். "அம்மிணி ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

"ஏலே, யாராச்சும் வெளக்குமாத்த எடுங்கலே," என்றார் அத்தை.

நான்தான் ஓடினேன். விளக்குமாற்றை எடுத்தேன். சபை நடுவில் கொண்டுவந்து போட்டு, அதன் மேலேயே சம்மணம் கூட்டி உட்கார்ந்துகொண்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டம் காய் பழுத்திருக்கும்.

அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். குரலை உயர்த்தவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை, அம்மிணியைத்தான் பார்த்தீர்கள்.

"இவளுக்கு எட்டுக் கால் இருக்குதுங்க. போகோணும்னு நெனச்சிருந்தா எப்பவோ போயிருப்பா. எனக்கு ரெண்டு காலுதான். நான் எங்கீங்க போறது?"

அண்ணன் எழுந்தார்.

தட்டின் பக்கம் அவர் குனிந்தபோது, கவிழ்த்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தார். தூக்கினார். அம்மிணி ஒரு காலை நீட்டி அவர் கட்டைவிரல் மேல் வைத்தாள். தட்டில் இருந்த தேங்காய் விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் பழனி வரை கேட்டது. அங்கே மலைமேல் மணி அடிக்கிறவர், தன்னை யாரோ முந்திக்கொண்டார்கள் என்று திகைத்தார். தட்டோடு அண்ணன் நிமிர்ந்து நின்றபோது ஆத்தூர்க்காரர் நேர் எதிரே இருந்தார். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், தட்டு கை மாறிவிடும். உங்கள் முகத்தை நான் அப்போது பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவேண்டாம்.

அண்ணன் திரும்பினார். உங்களிடம் வந்தார்.

"இந்தா, இதப் பிடி. பாட்டில் எங்க?"

"ஏலே," என்று அத்தை எழுந்தார். "சபையில வச்ச தட்டை உள்ள கொண்டு போறியே, இது என்னலே மொறை?"

"பொஞ்சாதி கையில குடுக்குறதுதான் மொறை அத்தை."

ஆத்தூர்க்காரர் நல்ல மனிதர். தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டார். "நான் வாரேன்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தை செம்பட்டி வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினார் என்றும், வழியில் இரண்டு பஸ்களை முந்தினார் என்றும் நான் சொல்லி வருகிறேன். இனிமேலும் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் நம் வீட்டில் உண்மையான கல்யாணம் நடந்தது. மலையிலிருந்து தார் கொண்டு வரும் குதிரைக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு மாப்பிள்ளை வரவழைத்தீர்கள். ஒல்லிக் குச்சிக் கால், பழுப்பு நிறம், தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி இருந்தான். பாட்டிலுக்குள் விட்டதும் மூங்கில் குழாயின் வாசலில் நின்று முன்கைகளால் தாளம் போட்டான். மேளக் கூலி மிச்சம் என்றேன். அம்மா கதவோரம் நின்று, "இந்தச் சாதி புருசனைத் தின்னுருமாம்லடா," என்று கலங்கினார். அம்மிணி தின்னவில்லை. இருவரும் ஒரே குழாயில் அவன் காலம் முடியும்வரை குடித்தனம் நடத்தினார்கள். "அவங்கவங்க வூட்டுக்காரரை அவங்கவங்க வெச்சுக்கத் தெரியுமுங்க," என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னீர்கள்.

அப்புறம் அம்மிணி வெள்ளைப் பொட்டலம் ஒன்றைப் பின்னி, அதைக் கட்டி அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிலிருந்து கடுகு கடுகாய்க் குஞ்சுகள். லட்சம் என்று நான் சொல்வதுண்டு. ஊறுகாய் ஜாடி, மை புட்டி, மருந்து புட்டி என்று வீடெங்கும் பிரித்து வைத்து, ஈசலும் கொசுவும் ஊட்டி வளர்த்தீர்கள். முக்கால்வாசி உயிரோடு நிற்கவில்லை. நின்றவற்றில் சிலதை மலைக்குத் திருப்பி அனுப்பினீர்கள், சிலதுக்கு மாப்பிள்ளை தேடினீர்கள். அறுபதுகள் முழுக்க எங்கள் வீட்டில் மாடங்களெல்லாம் சம்பந்தி வீடுகள். செத்துப் பிழைத்தவள் என்று அம்மா அம்மிணியை நம்பினார், தன் சாவு வரை நம்பினார். அந்த மாடத்தைக் கடக்கும்போதெல்லாம் கும்பிடுவார். கடைசி வருஷங்களில் கரப்பான் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

உங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் கதையை முடிக்க வசதியாக இருந்திருக்கும். நான் வசதிக்காகப் பொய் சொல்கிறவன் அல்ல, பெருமைக்காகத்தான் சொல்வேன். அத்தை வகையறா கடைசிவரை அந்த 'மலட்டு' வார்த்தையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். நீங்களும் அண்ணனும் கடைசிவரை ஒரே வீட்டில் இருந்துகொண்டேதான் இருந்தீர்கள். யார் ஜெயித்தார்கள் என்று யாராவது என்னிடம் வந்து கேட்கட்டும்.

மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். "மாமா, வடகம் காஞ்சிருச்சு, அந்த பாட்டில்" என்கிறாள். தரமாட்டேன் என்று தலையாட்டுகிறேன். அவள் நம்பவேண்டாம். தாம்பாளம் அகலத்தை நம்பவேண்டாம், பூனையின் சந்நியாசத்தையும் யானையையும் லட்சம் குஞ்சுகளையும் நம்பவேண்டாம். உங்களோடு அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். எப்படி வேண்டுமானாலும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன், மதினி. தேங்காய்ச் சத்தம் பழனிக்குக் கேட்கவில்லை. தெருவுக்குக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அது அடித்தது. அண்ணன் தட்டைத் தூக்கிய இடத்திலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை ஒரு நொடி நிற்காமல் அடித்தது. அவர் கை அவ்வளவு நடுங்கியது.

தட்டை அவர் கீழே வைக்கவில்லை. அது மட்டும் நிஜம்.